மூன்றாவது தூணுக்குப் பிள்ளை

திருச்சிக்கு அக்கரையில், காவிரியை ஒட்டிய மணல்துறையில் அந்த வருஷம் புதுப்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தூண் இரண்டு முறை வெள்ளத்தில் சரிந்தது. தூண் பிள்ளையைப் பலி கேட்கிறது என்று ஊரே நம்பிவிட்டது. ரேடியோவும் சினிமாக் கொட்டகையும் வந்த ஊர்தான். புத்தி மட்டும் வந்து சேரவில்லை.

மயிலம்மாள் கொல்லிமலைக்காரி. புருஷன் வேலப்பனை மலைமேல் குண்டூர் நாட்டில் விட்டுவிட்டு, பாலத்து வேலைக்கு வந்த மாதனோடு இங்கே குடியேறியவள். மலையில் அதை யாரும் தப்பாகப் பேசுவதில்லை. மனசு ஒட்டாவிட்டால் பெண் வேறொருவனோடு போகலாம். ஆனால் பெற்ற பிள்ளை முதல் புருஷனுக்குத்தான். அதற்கு மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கைக்குழந்தை பொன்னாயியோடு சொல்லாமல் கொள்ளாமல் மலையிறங்கிவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்து, மாதன் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் வேலப்பன் வாசலில் வந்து நின்றான். அடிவாரம் வரை நடை, அப்புறம் பஸ். குரலை உயர்த்தாமல்தான் கேட்டான்.

"நீ யாரோட வேணா இரு. புள்ளையக் குடுத்துரு."

"மலை வழக்கமெல்லாம் ஆத்தங்கரையில செல்லாதுங்க" என்றாள்.

அவன் வாதாடவில்லை. மண்ணில் விளையாடிய குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அப்பன் முகம் மறந்துபோன குழந்தை வீறிட்டது. அவனை நிறுத்தினால் போதும் என்றுதான் மயிலம்மாள் கத்தினாள்.

"புள்ளையத் தூக்கிட்டு ஓடறான், புடிங்க."

தெருவே திரண்டுவிட்டது. பாலத்துக்குப் பிள்ளை பிடிப்பவன் கடைசியில் அகப்பட்டான் என்று அவர்களுக்கு ஒரே வெறி. யாரோ குழந்தையைப் பிடுங்கி அவளிடம் தந்தார்கள். சோடாக்கடை காளியண்ணன் பாட்டிலை வேலப்பனின் நெற்றியில் உடைத்தான். இரும்புக் கம்பி கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. "என்ர புள்ளதானுங்க" என்று அவன் சொன்னது வாயில் நிறைந்த ரத்தத்தில் யாருக்கும் விளங்கவில்லை.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் அடி நிற்கும். ஆனால் அந்த வார்த்தையோடு குழந்தை அவனுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால், இனிமேல் கேட்க அவன் இருக்கமாட்டான். அந்தப் பாழும் எண்ணம் வந்தது. வந்து கொஞ்ச நேரம் நின்றது. அதற்குள் இன்னொரு அடி அவன் கண்ணில் விழுந்தது.

குழந்தையை இறக்கிவிட்டு அவன்மேல் போய் விழுந்தாள்.

"அடிக்காதீங்க. இவருதான் புள்ளைக்கு அப்பன்."

கம்பி நிற்பதற்குள் அவள் முதுகிலும் ஒன்று விழுந்தது. கூட்டம் மெல்லக் கலைந்தது. இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று அவளையே திட்டிக்கொண்டு காளியண்ணன் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினான்.

மயிலம்மாள் சேலையைக் கிழித்து வேலப்பனின் கையைக் கட்டினாள். குழந்தையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம், தடுக்க யாருமில்லை. ஆனால் குழந்தையை இடுப்பில் வைத்து, அவனைத் தாங்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை நடந்தாள். அங்கே அவன் ஒரு பல்லைத் துப்பிவிட்டுச் சொன்னான்.

"நீ கத்துனது தப்பில்ல, மயிலு. பாத்துக்கிட்டு நின்ன பாரு, அதான்."

பஸ் வந்ததும் அவள் அவனைக் கைத்தாங்கலாக ஏற்றினாள். தானும் ஏறி, குழந்தையை அவன் மடியில் உட்காரவைத்து, நல்ல கையை எடுத்து அதன் இடுப்பைச் சுற்றிப் போட்டுவிட்டு இறங்கினாள். பஸ் கிளம்பியபோது பொன்னாயி ஜன்னல் வழியாக இரண்டு கைகளையும் நீட்டி அழுதது. மயிலம்மாள் தன் கைகளை மடக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள்.