வலக்கை முடிச்சு

என் புருஷன் இடக்கைக்காரன். இது என் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் வாயில் இன்னும் மூன்று பல் இருந்திருக்கும்.

அப்பாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சின்ன வயதில் இடக்கையால் எழுதியதற்காக அவனை அவனுடைய அப்பா ஸ்கேலால் விளாசியே வலக்கைக்கு மாற்றியிருக்கிறார். எழுதுவது, சாப்பிடுவது, கைகுலுக்குவது, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வேதம் வாசிக்கும்போது பக்கம் புரட்டுவது எல்லாம் வலக்கையில்தான். லிஃப்ட் மெக்கானிக் அவன். ஸ்பானர் பிடிப்பதும் அந்தக் கையால்தான். அடிக்கும்போது மட்டும் பிறந்த கை வந்துவிடும். என் வலது கன்னம் மட்டும் எப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாக இருப்பதை யாராவது உற்றுப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். சபையில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

அப்பாதான் அந்த ஆலயத்தின் போதகர், முப்பத்தோரு வருஷமாக. அம்மா போன பிறகு அவருக்கு வீடும் அதுதான். அவர் நடத்தி வைத்த கல்யாணம் ஒன்றுகூட முறிந்ததில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. கல்யாணத்தில் மாப்பிள்ளை, பெண் இருவரின் வலக்கைகளையும் சேர்த்து, தன் கழுத்தில் தொங்கும் வெள்ளைப் பட்டையால் சுற்றி முடிச்சுப் போடுவார். ஜெபம் முடிந்ததும் அவிழ்ப்பார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எந்த ஜோடியாவது பிரியப்போகிறோம் என்று வந்து நின்றால், ஆலயத்துக்குப் பின்னால் அங்கி மாட்டும் அறைக்குக் கூட்டிப்போய், அதே பட்டையால் அதே கைகளைக் கட்டி, உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார். சமாதானம் ஆனதும் கட்டிய கைகளாலேயே இருவரும் சேர்ந்து கதவைத் தட்ட வேண்டும். சத்தம் கேட்டதும் அப்பா வெளியே முழங்கால் போட்டு நன்றி ஜெபம் சொல்லுவார். நீள ஜெபம். ஆமென் சொன்ன பிறகுதான் சாவி திரும்பும்.

சபை வாலிபர்கள் அந்த அறைக்கு 'லாக்கப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்றுக்கு முட்டினால் எவனும் சமாதானம் ஆகிவிடுவான் என்று கிண்டலடிப்பார்கள். பாதி ஜோடிகள் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தார்கள், பொய் சொல்லக் கூடாது.

அப்பாவுக்குப் பிடித்த உதாரணம் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும். "பத்தே நிமிஷம்! கதவே உடையிற மாதிரி தட்டினாங்க. அவ்வளவு சந்தோஷம்!" என்று பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சொல்லுவார். மூன்றாவது பெஞ்சில் பேக்கரி அக்கா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அந்த வாயை எனக்குத் தெரியும். பல் செட் செய்யும் லேபில்தான் என் வேலை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அச்சு வார்த்து, மெழுகில் கடி பார்த்து, பல் வைத்துக் கொடுப்போம். அப்பாவின் மேல் செட் நான் செய்தது. பேக்கரி அக்காவின் முன்பல் நான்கும் நான் செய்ததுதான். படியில் விழுந்துவிட்டேன் என்றாள். எந்தப் படிக்கு இவ்வளவு குறி தெரியும் என்று அச்சைப் பார்த்தபோதே தோன்றியது. கேட்கவில்லை. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

ஆன பிறகு நானும் படியில் விழ ஆரம்பித்தேன்.

முதல் தடவை கண் வீங்கிப் போய் அப்பா முன்னால் நின்றேன். "கொஞ்சம் பொறுத்துப் போம்மா. கடவுள் சேர்த்து வச்சத நாம பிரிக்கலாமா?" என்றார். இரண்டாவது தடவை உடைந்த பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவன் வேற பொம்பளைகிட்ட போறானா?"

"இல்லப்பா."

"அப்ப வேதத்துல வழியே இல்லம்மா."

வேறு பெண் இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதன்முதலாக உருகி ஜெபம் பண்ணினேன். அதையும் கடவுள் கேட்கவில்லை. விழுந்த பல்லுக்குப் பதில் பல்லை நானே லேபில் செய்து மாட்டிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை விலா எலும்பு. பையோடு வந்து, இனி அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா வேதத்தைத் திறந்து, மனைவியைத் தள்ளிவிடுதலைக் கடவுள் வெறுக்கிறார் என்று தீர்க்கதரிசி சொல்லும் இடத்தில் விரலை வைத்தார்.

"அங்கேயே நிறுத்தாதீங்க. கொடுமையால தன் துணிய மூடிக்கிறவனையும் வெறுக்கிறார்னு அதே இடத்துல இருக்கே. அதையும் படிங்க."

"அது வேற விஷயம்மா." புத்தகத்தை மூடினார். பிறகு கெஞ்சினார். "ஒரே ஒரு தடவை அவனோட அந்த அறைக்குள்ள போ. அப்பவும் மனசு ஒத்துக்கலைன்னா நானே உன்கூட கோர்ட்டுக்கு வரேன். சத்தியம்."

முப்பத்தோரு வருஷப் பெருமையைவிட என்னைப் பெரிதாக நினைத்து அவர் கொடுத்த ஒரே வாக்கு அது. அதற்காகத்தான் சம்மதித்தேன்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. என் புருஷன் தேய்த்த சட்டையோடு வந்து, அப்பாவுக்கு வலக்கையைக் கொடுத்தான். அதே கையை என் பக்கமும் நீட்டினான், புதுமாப்பிள்ளை போல. அப்பா இரண்டு கைகளையும் சேர்த்துப் பட்டையைச் சுற்றினார். முடிச்சு இறுகும்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. என்னுடைய பலமான கை கட்டுக்குள் போய்விட்டது. அவனுடையது வெளியே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, வேணாம்பா. இவரு இடக்கையாலதான்..."

"ஜெப நேரத்துல பேசாதம்மா."

சாவி திரும்பியது.

சுவரோடு அங்கிகள் தொங்கின. ஒரு அலமாரி, எரிந்து மீந்த மெழுகுவத்தித் துண்டுகள், காது போன டீ கப், எட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல். கதவுக்குப் பச்சைப் பெயின்ட், பூசிப் பூசித் தடித்துப் போயிருந்தது.

"கோர்ட்டுக்குப் போவியா?" மெதுவாகத்தான் கேட்டான். முதல் அடி காதில் விழுந்தது. நான் விலகியபோதெல்லாம் கட்டிய கையைச் சுண்டி இழுத்தான். இழுத்த வேகத்தில் நானே போய் அவன் முஷ்டியில் மோதினேன். ஓட இடமில்லாமல் ஓடினேன். அங்கிகள் கழன்று எங்கள் மேல் விழுந்தன. வாயில் உப்புக் கரித்தது. நாக்கில் மூன்று பல் உருண்டன. அதில் ஒன்று நான் செய்தது. பிறகு என் பின்தலை முடியைக் கொத்தாகப் பிடித்துக் கதவில் மோதினான்.

தட். தட். தட்.

"ஸ்தோத்திரம்!" என்று வெளியே அப்பா கத்தினார். "ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

ஜெபம் ஆதாம் ஏவாளில் ஆரம்பித்தது. நான் "அப்பா!" என்று அலறினேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் குரல் இன்னும் ஏறியது. ஆபிரகாம் சாராள் வரும்போது என் புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. இவர் எல்லா ஜோடிகளையும் சொல்லி முடிப்பதற்குள் நான் செத்துப்போவேன் என்று தெளிவாகத் தெரிந்தது. சாகப் பயமாக இருந்தது. அதைவிட, அடக்க ஆராதனையிலும் இந்தக் கல்யாணம் முறியவில்லை என்று அப்பா சொல்லிவிடுவாரே என்று ஆத்திரமாக வந்தது.

அலறலை அடைக்க அவன் இடக்கையை என் வாயில் அழுத்தினான். அந்த மடத்தனத்தைச் செய்திருக்கக் கூடாது. கடைவாய்க்கு இருக்கும் பலம் முன்பல்லுக்குக் கிடையாது. அது என் தொழில். சுண்டுவிரல் பக்கத்துச் சதையைக் கடைவாய்க்குத் தள்ளி, தாடையைப் பூட்டினேன். எலும்பு நெரிபடும் சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. விடவில்லை. அவன் அலறினான்.

ஈசாக்கு ரெபேக்காளோடு ஜெபம் நின்றது. பெண் கத்தியபோது நீண்ட ஜெபம், ஆண் கத்தியதும் ஆமென் ஆகிவிட்டது.

கதவு திறந்ததும் கட்டிய கையோடு இருவரும் அப்பாவின் காலடியில் விழுந்தோம். அப்பா "ஐயோ ஐயோ" என்றபடி முட்டி போட்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். இழுத்த இழுப்பில் அது கல்லாக இறுகி, ரத்தத்தில் ஊறியிருந்தது. அவர் நகம்தான் பிய்ந்தது.

"வெட்டுங்கப்பா."

"பட்டைய எப்படிம்மா... இது..."

அதற்குள் அவன் மறுபடி என்னைக் குறி வைத்துக் கையை ஓங்கினான். குறுக்கே குனிந்திருந்த அப்பாவின் வாயில் அது விழுந்தது. நான் செய்து கொடுத்த மேல் செட் பறந்து, சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. அப்பா அந்தக் கையையே பார்த்தார். என் வலது கன்னத்தைப் பார்த்தார். திரும்பவும் கையைப் பார்த்தார்.

"இடக்கை," என்றார், பல்லில்லாத வாயால்.

எழுந்து போய் அலமாரியிலிருந்து மெழுகுவத்தித் திரி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். மூன்று வெட்டில் பட்டை அறுந்தது. என் புருஷன் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினான். அதற்குப் பிறகு நான் அவனைக் கோர்ட்டில்தான் பார்த்தேன், அப்பா பக்கத்தில் நிற்க.

ஆஸ்பத்திரியில் புருவத்துக்கு ஏழு தையல் போட்டார்கள்.

"ஏம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்று அப்பா அழுதார்.

"மூணு தடவை சொன்னேம்பா."

அவர் கண்ணைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. வீங்கிய உதடும் வெறும் வாயுமாக அப்பா பிரசங்க மேடையில் ஏறினார். கழுத்தில் பட்டை இல்லை. தள்ளிவிடுதலைப் பற்றிய அதே இடத்தைத் திறந்து, இந்தத் தடவை நிறுத்தாமல் படித்தார். கொடுமை என்ற சொல்லைக் குழறலாகத்தான் சொல்ல முடிந்தது. எல்லோருக்கும் புரிந்தது. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

ஆராதனை முடிந்து நாங்கள் அங்கி அறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது பேக்கரி அக்கா வந்தாள். வெளியே அவள் புருஷன் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. கதவில் தன் தலை உயரத்தில் கையை வைத்து, பச்சைப் பெயின்ட்டைத் தடவினாள்.

"இந்த இடத்துலதான் ஐயா. அன்னைக்கு நாங்க சேர்ந்து தட்டல. என் தலையாலதான் அவர் தட்டினார். நீங்க வெளிய பாட்டே பாடினீங்க."

கைக்குட்டை கீழே விழுந்தது. நான் செய்த நாலு பல்லும் தெரிய அழுதாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். எத்தனை வருஷம், எத்தனை ஜோடி, எந்தெந்தத் தட்டல் என்று அவர் முகத்தில் ஓடியதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஹாரன் நின்றது. வண்டிக் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

"உள்ள வரார்," என்றாள் அக்கா.

அப்பா எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "உள்பக்கமா பூட்டிக்கோம்மா. நீயா திறக்கிற வரைக்கும் யாரும் திறக்க மாட்டாங்க."

நாங்கள் வெளியே வந்ததும் பூட்டு விழுந்தது. அப்பா வழக்கமாக முழங்கால் போடும் அதே இடத்தில், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். பேக்கரிக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே நடைக்குள் வந்தார். நானும் போய் அப்பா பக்கத்தில் நின்றேன். எங்கள் இருவர் வாயிலும் பல் குறைவுதான், ஆனால் இரண்டு பேருக்கும் கைகள் அவிழ்ந்திருந்தன.