நெல்லையப்பனின் இடது பெருவிரல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. போலீஸ் விரல்ரேகைப் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற தில்லைநாயகம் அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொன்னது. "இதையெல்லாம் எழுதிக்கிட்டு அலையாதேயும் வே" என்றும் சொன்னார். அலைகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'தாமிரபரணி அன்று தன் கரைகளை மறந்து—'

(வேண்டாம். ஆறு எதையும் மறக்கவில்லை. எழுதுகிறவனுக்குச் சோம்பல், அவ்வளவுதான்.)

இரண்டாம் தொடக்கம்: 1858இல், வங்காளத்தின் ஹூக்ளியில், ரோடு போடச் சரக்கு தர ஒப்புக்கொண்ட ஒருவர் பின்னால் பேச்சு மாறிவிடக் கூடாதென்று, ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவர் உள்ளங்கையை மையில் தோய்த்துத் தாளில் பதித்துக்கொண்டார். நம்பிக்கைக்காக அல்ல, நம்பாததால். நாற்பது வருஷத்துக்குள் கல்கத்தாவில் விரல்ரேகைக்கென்றே ஒரு அலுவலகம் வந்துவிட்டது. அதன் பிறகு—

(அதன் பிறகு கட்டுரையாகிவிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வோம்: போலீஸ் அலமாரியில் நம்மைப் போன்றவர்களின் விரல்கள் கிடையாது. ஒருமுறை தண்டனை வாங்கியவனைத்தான் அது பெயர் சொல்லிக் கூப்பிடும்.)

3

1992 நவம்பர், தாமிரபரணி வெள்ளம். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைபார்த்த நெல்லையப்பன், எல்லாரையும் போல வெள்ளம் பார்க்கப் போனார். திரும்பவில்லை. முதலாளி கடைச் சாவியையே நம்பிக் கொடுத்திருந்த ஆள்.

தண்ணீர் வடிந்த பிறகு முள்ளுக்குள் ஒரு உடல் கிடைத்தது. முகமில்லை, துணியில்லை. மனைவி ஆறுமுகத்தாய் பார்த்துவிட்டு, "இது அவுக இல்ல" என்றாள். போலீஸார் விரல்ரேகையைப் பதித்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டு உடலைப் புதைத்தார்கள். அவள் பொட்டை அழிக்கவில்லை. ராத்திரிச் சோற்றை அவருக்கும் சேர்த்தே வடித்தாள்.

சித்திரையில் சென்னையிலிருந்து பதில் வந்தது. விரல்கள் நெல்லையப்பனுடையவை. பத்தொன்பது வயதில் கோவில்பட்டியில் சைக்கிள் திருடி, மூன்று மாதம் ஜெயிலில் இருந்தவர்.

4

தில்லைநாயகம்தான் அவளை ஆபீசுக்கு வரவழைத்துச் சொன்னார்.

"சைக்கிளா? அவுகளுக்குச் சைக்கிள் விடவே தெரியாதே. எங்க போனாலும் நடந்துதான் போவாக. உங்க ரேகைச் சீட்டு தப்பு."

"ரேகை தப்பாதும்மா."

"தப்பாதுன்னா? திருடன்னு சொன்னாத்தான் செத்தவருன்னு ஒத்துக்கிடுவீயளோ? அப்படி ஒரு சாவு அவுகளுக்கு வேண்டாம். எங்கனயாவது இருந்துட்டுப் போகட்டும்."

எழுந்துவிட்டாள். அவருக்கும் அன்று அலுப்பு, விட்டிருக்கலாம். என்னவோ, உடலில் எடுத்தது, அன்று ஜெயிலில் எடுத்தது என்று இரண்டு சீட்டுகளையும் அவள் முன்னால் தள்ளி, ஒரு பூதக்கண்ணாடியையும் கொடுத்தார். நின்றபடியே பார்த்தாள்.

"இதுல இடது பெருவிரல்ல குறுக்க ஒரு வெள்ளைக் கோடு ஓடுதே. அந்தச் சீட்டுல இல்லையே?"

"தழும்பும்மா. பின்னால பட்ட காயம். அதைக் கணக்குல எடுக்க மாட்டோம். மத்ததெல்லாம் ஒத்துப்போவுது."

அவள் பைய உட்கார்ந்தாள்.

"விஜயஸ்ரீயைப் பெத்துப் போட்டுப் படுத்திருந்தேன். நான் சமைக்கேன், நீ எந்திரிக்காதன்னு வாழைக்காய் நறுக்க உக்காந்தாக. அரிவாமணை கிழிச்சிட்டு. ரத்தத்தோட சிரிக்காக. நான்தான் துணியைச் சுத்திவிட்டேன்."

பிறகுதான் அழுதாள். அந்த ஐந்து மாதத்தில் அவள் அழுதது அன்றுதான் என்று அவருக்குப் பின்னால் தெரிந்ததாம்.

5

(இந்த இடத்தில் ஒரு வரைவில், சைக்கிளைத் திருடியது தம்பி, பழியை ஏற்றது அண்ணன் என்று எழுதினேன். நல்லவரை நல்லவராகவே விட்டுவிட எனக்கும் ஆசை. அடித்துவிட்டேன். அவர்தான் திருடினார். அதன்பிறகு ஆயுசுக்கும் சைக்கிளைத் தொடாமல் நடந்தார் என்பது என் ஊகம். அதற்கு ரேகை இல்லை.)

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாளாம்: "எங்கன கையெழுத்துப் போடணும்?"

உடல் அவருடையதுதான் என்று ஒப்புக்கொள்ளும் தாளில் இடத்தைக் காட்டினார்.

"இந்தக் கோடு உள்ள கைக்குத்தான் போடுதேன். அந்தப் பையன் யாருன்னு எனக்குத் தெரியாது."

'அவளால் அவரை மன்னிக்க—'

(இல்லை. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லக் கூடாது.)

6

வெளியே வெயிலில் மகள் விஜயஸ்ரீ நின்றிருந்தாள். காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்தவள். கடையில் சில்லறை பாக்கி வைத்தால்கூட அப்பா திட்டுவார் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்கிற பெண்.

"அப்பாதான்னு எப்படிம்மா கண்டுபிடிச்சாங்க?"

இதுவரைதான் தில்லைநாயகத்துக்குக் கேட்டிருக்கிறது. அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டார். இரண்டு பதில்களை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தாய் எல்லாவற்றையும் சொல்கிறாள், மற்றதில் பாதியை விழுங்குகிறாள். இரண்டும் என் குரலாகவே கேட்கின்றன. எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

பதிலை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம். அந்தப் பெண் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.