இரண்டு கை உப்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சூலியா தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மகன் யூசுப் என்னைக் கேட்காமல் கெடாவிலிருந்து காமாரியா என்ற மலாய்க்காரப் பெண்ணை நிக்காஹ் செய்து கூட்டி வந்த பிறகு, அவளிடம் மட்டும் மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை.

அன்று பள்ளிவாசலுக்கு எங்கள் வீட்டுக் கஞ்சி. மவுத்தாகிப் போனவர் பேரில் ஒருநாள் நோன்புக் கஞ்சி கொடுப்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் ஷேக் அலாவுதீன் போனபின் வந்த முதல் ரமலான் அது. நூறு பேர் அதைக் குடித்து நோன்பு திறந்து அவருக்கு துஆ செய்ய வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பச்சரிசி, கறி, பூண்டு, வெந்தயம் எல்லாம் குழைந்து வெந்தன. உப்பைப் போட்டுவிட்டு சாயங்கால அஸர் தொழப் போனேன். நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினால் நோன்புக்குக் குற்றமில்லை என்பார் பள்ளிவாசல் லெப்பை. எனக்கு மனசு ஒப்பாது. எல்லாம் கைக்கணக்குத்தான்.

திரும்பி வந்தால் அடுத்த வீட்டு ருக்குமணி நின்றாள். நோன்பில்லாதவளாயிற்றே என்று ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் முகம் கோணிப் போனது.

“ஐயோ அக்கா, வாயில வைக்க முடியலலா! ஒரே உப்பு!”

அடுப்பருகே நின்ற காமாரியாவுக்கு முகம் வெளுத்தது. “மாமி, நானும் உப்பு போட்டேன். மாமி போட்டது தெரியாது,” என்றாள் திக்கித் திக்கி.

‘நான் போட்டுட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு வீம்பு! நோன்பு திறக்கும் பாங்குக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அவர் பேரில் போகிற பானையை நானே கெடுத்துவிட்டேன்.

தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. கஞ்சியை இரண்டு பானையாகப் பிரித்தாள். உப்பில்லாமல் அரிசி வேகவைத்து இரண்டிலும் சேர்த்தாள். தேங்காய்ப்பால் ஊற்றி, கொல்லையில் படர்ந்திருந்த சர்க்கரைவள்ளிக் கீரையைக் கிள்ளி வந்து போட்டாள்.

“இதென்ன கூத்து! கஞ்சியில கீரையா?” என்று கத்தினேன். அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“புபோர் லம்போக், மாமி, எங்க மலாய்க் கஞ்சி. என் உம்மா நோன்புக்கு இப்படித்தான் செய்வாங்க. இப்ப அவங்க இல்ல.”

ருக்குமணி மறுபடி குடித்துப் பார்த்தாள். “இன்னொரு கோப்பை குடுங்கக்கா,” என்றாள்.

யூசுப் பானைகளை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனான். பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். பச்சைக் கஞ்சியைப் பார்த்து என்ன சொல்வார்களோ!

“உம்மா, பானையைச் சொரண்டிட்டாங்க!” என்று சிரித்துக்கொண்டே வந்தான் யூசுப். “வாப்பாவுக்கு துஆ செஞ்சாங்க. வெள்ளிக்கிழமையும் இதே கஞ்சி வேணுமாம். யாரு பேர்லன்னு கேக்குறாங்க.”

நான் காமாரியாவைப் பார்த்தேன். “உங்க உம்மா பேரு என்ன புள்ளே?”

“சித்தி ஆயிஷா,” என்றவள் அழுதுவிட்டாள்.

“அந்தப் பேரைச் சொல்லிட்டு வாடா,” என்றேன் மகனிடம். மூன்று மாதம் எனக்குச் சோறு போட்டவளிடம் அதை நான் கேட்டதேயில்லை.