ராகு காலத்தில் முதலில் போனவள்

நேர்முகத் தேர்வுக்கு என்னைத் தயார் செய்ததே தாமரைதான். அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்ல?

இருவரும் ரவாங்கில் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம். எனக்கு வேலை போன அடுத்த மாதம் அவளுடைய ஒப்பந்தமும் முடிந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து தங்கினோம். அப்போதுதான் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் பாதுகாப்புப் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். இருந்தது ஒரே இடம், அதுவும் நிரந்தர வேலை. ஒப்பந்தம் ஒப்பந்தமாகத் தாவி நான் சலித்துப்போயிருந்தேன். இருவருமே மனுப் போட்டோம்.

தாமரை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதிகாரி மாதிரி குரலை மாற்றிக்கொண்டு கேட்பாள்.

"மிஸ் லோகேஸ்வரி, இக்கட்டான நேரத்துல நீங்க என்ன செஞ்சீங்க?"

நான் நிஜாமைப் பற்றிச் சொல்வேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த பையன். இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்டது. வேலை பெர்மிட் பிரச்னை வரும், ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றார் சூப்பர்வைசர். நான் என் துப்பட்டாவை அவன் கையில் சுற்றி, என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என் வேலை போனது அதனால்தான்.

"துப்பட்டா சொல்ற இடத்துல கொஞ்சம் நிறுத்துலா. அங்கதான் மனசு இளகும்" என்று திருத்துவாள்.

அன்றைக்கு என் கையைப் பிடித்து இழுத்து, "நமக்கேன்லா வம்பு" என்றவள் இவள்தான். என் பதிலில் அதை மட்டும் விட்டுவிட்டேன். சிநேகிதியாயிற்றே.

தேர்வு வெள்ளிக்கிழமை. என் பெயரைக் கூப்பிட்டபோது ராகு காலம் முடிந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் புதிதாக ஒரு செருப்புக்கூட வாங்க மாட்டோம்.

"நீ போடி முதல்ல" என்றேன்.

"நான் போக மாட்டேன்லா. உன்னைத்தானே கூப்பிட்டாங்க."

"போ தாமரை. நீதான் இதெல்லாம் பாக்க மாட்டியே."

அவள் போனாள். வெகுநேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். நல்ல நேரம் பார்த்து நான் உள்ளே போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் யுகேந்திரன் என்று ஓர் அதிகாரி. அதே கேள்வியைத்தான் கேட்டார். நானும் துப்பட்டாவில் கொஞ்சம் நிறுத்தினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தமிழில் பேசினார்.

"இதையேதான் முன்னால வந்த பொண்ணும் சொன்னாங்க. துப்பட்டா உள்பட."

"சார், அது நான். நிஜாமைக் கேட்டுப் பாருங்க" என்றேன். அவன் எப்போதோ ஊருக்குத் திரும்பிவிட்டான். நம்பர்கூட என்னிடம் இல்லை.

"அன்னிக்கு ஒரு பிரெண்ட் கையைப் பிடிச்சு இழுத்து, நமக்கேன் வம்புன்னு சொன்னாங்களாம். பேரு லோகான்னாங்க." என் மனுவை ஒருமுறை பார்த்தார். "அது நீங்கதானா?"

நான் என்ன சொன்னாலும் அது இரண்டாவதாகச் சொன்ன கதை.

வெளியே தாமரை எனக்கும் சேர்த்து ஐஸ் போட்ட டீ, தே ஆயிஸ், வாங்கி வைத்திருந்தாள்.

"நிஜாமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாருடி?" என்று கேட்டேன்.

அவள் ஸ்ட்ராவால் ஐஸைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் போக மாட்டேன்னுதானே சொன்னேன். நீதானே முதல்ல அனுப்புன?"