ஆர்டிஸ் எடுத்த துப்பாக்கி

“இன்னும் கொஞ்சம் தள்ளுங்க,” என்றார் ஹால்வர்.

கட்டிலின் தலைமாட்டை மகன் வெர்லினும் கால்மாட்டை மனைவி ஆர்டிஸும் பிடித்துத் தூக்கி ஜன்னலோரமாக வைத்தார்கள். தூக்கியபோதுதான் ஆர்டிஸுக்குத் தெரிந்தது. கட்டிலில் ஆள் இருக்கிற கனமே இல்லை. அதை அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. போர்வையை இழுத்துச் செருகினாள், தலையணையை உயர்த்திக் கொடுத்தாள். இப்போது படுத்தபடியே அவரால் முற்றத்தையும் ஆட்டுப் பட்டியையும், அதற்கு அப்பால் ஓடைப் பள்ளத்துக்கு இறங்கும் வெள்ளைச் சரிவையும் பார்க்க முடிந்தது.

“போதுமா?”

“போதும். அந்த ஜன்னலைத் துடைச்சா இன்னும் நல்லா இருக்கும். எவ்வளவு வருஷமா துடைக்கல நீ?”

“நீ படுத்துக்கிட்டு வெளிய பார்ப்பேன்னு எனக்கு யாரு சொன்னா?”

நுரையீரலில் வந்த புற்று எலும்புக்கும் போய்விட்டது என்று வில்லிஸ்டன் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது ஹால்வர் கேட்டது ஒன்றைத்தான்: வீட்டுக்குப் போகலாமா? போகலாம் என்றார் டாக்டர். கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டார்கள். காலையில் ஆர்டிஸ் அவருக்குக் காபியை ஸ்பூனில் எடுத்துக் கொடுத்தபோது பாதி உதட்டோரம் வழிந்தது. இன்றா நாளையா என்பதுதான் தெரியவில்லை. அதனால்தான் வெர்லின் நேற்றே ஃபார்கோ நகரத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

சாப்பாட்டு மேசைமேல் மூன்று ரைபிள்கள் கிடந்தன. வெர்லின் ஒவ்வொன்றாகப் பழைய கம்பளியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“மூணையும் கார்ல வெச்சுடறேன்பா. ரோட்டுல பனி மூடறதுக்குள்ள.”

“ரெண்டு போதும்,” என்றார் ஹால்வர். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது. “ஒண்ணு உங்கம்மாவுக்கு.”

“அம்மா எங்ககூட வரப்போறா. ஃபார்கோவுல மூணாவது மாடியில உக்காந்து எதைச் சுடுவா? தபால்காரனையா?”

“வரேன்னு நான் சொன்னேனா?” என்று சமையலறையிலிருந்து ஆர்டிஸ் கேட்டாள்.

வெர்லின் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஜன்னலைப் பார்த்தார். பிறகு மகன், விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பதுபோல், ஒல்லியான ஒரு ரைபிளைக் கையில் எடுத்தான்.

“சரி, ஒண்ணு இருக்கட்டும். இந்த ஹார்னெட் இருக்கட்டும். லேசு. சத்தமும் கம்மி. அம்மா தோளுக்கு இதுதான் தாங்கும்.”

“ஹார்னெட் நரிக்குச் சரி,” என்றார் ஹால்வர். “ஆட்டுக்கு வர்ற கொயோட்டிக்குப் பத்தாது. கொஞ்சம் தள்ளி நின்னா கொசு கடிச்சாப்பல உதறிட்டுப் போயிடும். அந்தப் பதினேழு காலிபரை வெச்சுக்கட்டும்.”

“பதினேழா? அதோட குண்டு அரிசி மாதிரி இருக்கே.”

“அதான் விஷயம். உள்ள போகும், உள்ளேயே பொடியாயிடும். மறுபக்கம் வராது. தோல்ல ஊசி குத்தின மாதிரி ஒண்ணே ஒண்ணு. தோல் வாங்க வர்ற வியாபாரி விளக்கு வெச்சுத் தேடினாலும் கண்டுபிடிக்க மாட்டான்.”

இரண்டு ஆண்களும் பேசிக்கொண்டே போனார்கள். தோளில் இடிக்குமா, தோட்டா கடையில் கிடைக்குமா, குழலை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்குமா என்று. ஆர்டிஸ் உருளைக்கிழங்கு நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது குளிர்காலமாக இந்த வீட்டில் சுடுவது ஹால்வர், உரிப்பது அவள். கோழிக்கூண்டுக்கு முட்டை திருட வந்த ஸ்கங்குகளைத் தவிர அவள் அதிகம் சுட்டதில்லை. சுடத் தெரியாமல் இல்லை. சுடுகிற ஆள் ஒருவர் வீட்டில் இருந்தார், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு ரைபிளும் என்ன செய்யும் என்பதை, உரித்த தோலின் உள்பக்கத்திலிருந்து அவள் பார்த்திருந்தாள். நிலவறையில் மரச்சட்டத்தில் ரோமம் உள்ளே இருக்க மாட்டிய தோல்களை விளக்குக்கு நேரே திருப்பி, எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது என்று தடவிப் பார்த்து ஊசியும் நூலுமாக உட்கார்ந்த மாலைகள் எத்தனையோ.

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். மேசையில் மூன்றாவதாகக் கிடந்ததைக் கம்பளியிலிருந்து பிரித்து எடுத்தாள்.

“எனக்கு இது. டிரிபிள் டூ.”

“ஏன்?” என்றார் ஹால்வர். “அது மறுபக்கம் பிச்சுக்கிட்டு வரும். நல்ல ரோமத்துல ஓட்டை விழும்.”

“விழட்டும். தைச்சுக்கிறேன்.”

“பதினேழுன்னா தையலே வேணாம்டி.”

“காத்து இல்லாத நாள்ல. இந்த ஊர்ல காத்து இல்லாத நாள் எது, சொல்லு.” அவள் ரைபிளைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டாள். “போன வருஷம் அந்தப் பெட்டைக் கொயோட்டிய நீ பதினேழுலதான் சுட்ட. காத்து தள்ளிடுச்சு. தோள் எலும்புல பட்டு மேலாகவே வெடிச்சுப் போச்சு. மூணு கால்ல ஓடுச்சு. இருட்டுற வரைக்கும் பள்ளத்துல ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போனோம். ஞாபகம் இருக்கா?”

ஹால்வர் வெளியே சரிவைப் பார்த்தார்.

“கிட்டப் போனதும் அது நம்மளத் திரும்பிப் பார்த்துச்சு. தோல்ல ஓட்டை விழுந்தா என் ஊசி இருக்கு. அதுக்கு எங்கிட்ட ஊசி இல்ல.”

வெர்லின் கையிலிருந்த ஹார்னெட்டைக் கம்பளியில் வைத்தான்.

“முப்பது வருஷம் கழிச்சு இப்பதான் வாயத் திறக்கிறா,” என்றார் ஹால்வர் மகனிடம்.

“இப்பதானே எனக்குன்னு ஒண்ணு எடுக்கறேன்,” என்றாள் ஆர்டிஸ்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை. அவள் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். கைக்குட்டையில் வந்ததை மடித்துத் தன் ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்தபோது ஹால்வர் கண்களை மூடியிருந்தார். மூச்சு போவதற்கும் வருவதற்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டிருந்தது. வெர்லின் எதிரே உட்கார்ந்து பழைய பத்திரிகையின் ஒரே பக்கத்தை வெகுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் அவர் பாதங்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். பாதங்கள் சில்லிட்டிருந்தன. எவ்வளவு தேய்த்தும் சூடு ஏறவில்லை.

“ஆடு,” என்றார் ஹால்வர், கண்ணைத் திறக்காமலே.

அவள் நிமிர்ந்தாள். பட்டியில் ஆடுகள் ஒரே மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. சினையாடுகள், இன்னும் இரண்டு மாதத்தில் குட்டி போட வேண்டியவை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு இரண்டை இழந்தாகிவிட்டது. இரண்டுமே தொண்டையில் கடிபட்டுக் கிடந்தன.

சரிவில் ஒரு கொயோட்டி வந்துகொண்டிருந்தது. நரியைவிட உயரம், ஓநாயைவிட ஒல்லி. குளிர்கால ரோமம் கழுத்தைச் சுற்றித் தடித்து நிற்க, யாரையும் சட்டை செய்யாத ஓட்டநடையில் பட்டியின் பின்வேலியை நோக்கி வந்தது.

“வெர்லின், ஜன்னலத் தூக்கு. மெதுவா.”

“அம்மா, அப்பா இங்க படுத்திருக்கார். வெளியில குளிர் என்னன்னு தெரியுமா?”

“தூக்குடா,” என்றார் ஹால்வர்.

ஜன்னல் கிரீச்சிட்டு ஒரு முழம் உயர்ந்தது. குளிர் தண்ணீர்போல உள்ளே கொட்டியது. ஆர்டிஸ் இன்னொரு கம்பளியை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள். டிரிபிள் டூவில் தோட்டாவை ஏற்றினாள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மண்டியிட்டு, ஜன்னல் விளிம்பில் தலையணை ஒன்றைப் போட்டு அதன்மேல் ரைபிளைச் சாய்த்தாள். அவர் கை அவள் தோளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

“எவ்வளவு தூரம்?” என்று கேட்டாள்.

“இருநூறு கஜம் இருக்கும். காத்து இடதுல இருந்து. பனித்தூள் தவழுது பாரு.”

“பார்த்தேன். நிக்க மாட்டேங்குதே.”

கொயோட்டி வேலியை ஒட்டி இடப்பக்கமாக ஓட ஆரம்பித்தது. ரைபிள்மேல் பொருத்தியிருந்த தொலைநோக்கிக் கண்ணாடிக்குள் அவள் அதைத் தொடர்ந்தாள். ஓடுவதைச் சுட அவளுக்கு விருப்பமில்லை. விரலை விசைக்கு வெளியிலேயே வைத்திருந்தாள்.

பின்னால் கட்டிலோர மேசையின் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. ஹால்வர் மருந்துப் புட்டிகளுக்கு நடுவிலிருந்து மர ஊதலை எடுத்திருந்தார். அடிபட்ட முயல் கத்துவதுபோல ஊதி மிருகங்களை வரவழைக்கிற சின்ன ஊதல்.

“வேணாம்,” என்றாள் அவள் திரும்பாமல். “மூச்சு வாங்கும்.”

அவர் ஊதினார். நன்றாக இருந்த காலத்தில் அவர் ஊதினால் அது முழுமையான முயலாக இருக்கும். இப்போது வந்தது மெல்லிய, விட்டுவிட்டு வந்த, பாதியில் அறுந்துபோன ஒரு குரல். மறுபடி ஒரு தரம். பிறகு ஊதல் போர்வையில் விழுந்தது.

கொயோட்டி நின்றது. காதுகளை விறைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்தது.

அவள் மார்பின் முன்விளிம்பில், காற்றுக்காக ஒரு விரல்கடை இடதுபுறம் தள்ளிப் பார்வையை வைத்தாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். அந்த ஒரு நொடியில் அறைக்குள் யாருடைய மூச்சுமே கேட்கவில்லை. விசையை இழுத்தாள்.

சத்தம் அடங்கியபோது சரிவில் எதுவும் நிற்கவில்லை. பனிமேல் பழுப்பாக ஒன்று அசையாமல் கிடந்தது.

“விழுந்துச்சா?” என்றார் ஹால்வர். அவர் கண்கள் மூடியிருந்தன.

“நின்ன இடத்துலயே.”

“போய் எடுத்துட்டு வா. பார்த்துட்டுச் சொல்லு. எவ்வளவு பெரிய ஓட்டைன்னு.”

“அது எங்க போயிடப் போகுது. அப்புறம் போறேன்.”

“வெறச்சுப் போனா உரிக்க முடியாது. மேக்பைப் பறவை கொத்திடும்.” அவர் விரல்கள் அவள் சட்டைக் கையைத் தேடிப் பிடித்து, பிறகு தள்ளின. “போடி.”

அவள் அவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததுபோல வெர்லினுக்குத் தோன்றியிருக்கும். பிறகு கோட்டை மாட்டினாள், பூட்ஸைப் போட்டாள்.

“அவர் கையைப் பிடிச்சுக்கோ,” என்று மகனிடம் சொல்லிவிட்டு வெளியே இறங்கினாள்.

பனி முழங்காலுக்கு இருந்தது. வேலியோரமாக நடந்தாள். ஆடுகள் கூடவே வேலிக்கு அந்தப் பக்கம் நகர்ந்து வந்தன. கொயோட்டி ஆண், நல்ல வயதில் இருந்தது. வாயோரத்தில் கொஞ்சம் ரத்தம். கண்ணைப் பார்த்தாள். பயப்படக்கூட அதற்கு நேரம் இருந்திருக்கவில்லை. கையுறையைக் கழற்றி ரோமத்துக்குள் விரலை விட்டாள். உள்ளே இன்னும் சூடாக இருந்தது. தோளுக்குப் பின்னால் நுழைந்த இடம் அகப்படவே நேரமானது. புரட்டிப் பார்த்தாள். மறுபக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கிழிந்திருந்தது. பெரிதில்லை. பின்னங்கால்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தன் தடத்திலேயே கால் வைத்துத் திரும்பினாள். இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள்.

முற்றத்துக்கு வந்தபோது வெர்லின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். சட்டையோடு நின்றான். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

அவள் கொயோட்டியின் கால்களை விட்டாள்.

“கோட்டைப் போட்டுக்கோ,” என்றாள். “சளி பிடிக்கும்.”

உள்ளே போய் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஹால்வர் ஜன்னல் பக்கம் முகம் திரும்பிக் கிடந்தார். கையில் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது. அவள் அதைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் விரல்களில் ரோமம் ஒட்டியிருந்தது.

“விலாவுக்கு நடுவுல போயிருக்கு,” என்றாள் அவரிடம். “வெளிய வந்தது நகம் அளவுதான். ரெண்டு தையல், மூணு தையல். நீ பயந்த அளவுக்கு இல்ல.”

வெர்லின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதான். அவள் அவனைத் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன், “பாஸ்டருக்குப் போன் பண்ணட்டுமாம்மா?” என்றான்.

“பண்ணலாம். பண்ணினா எல்லாரும் வந்துடுவாங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கை பிடி.”

அவரைத் துடைத்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மாட்டி, தலையை வாரிவிட்டார்கள். பிறகு அவள் முற்றத்தில் கிடந்த கொயோட்டியை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். வெர்லினும் கூட இறங்கினான். சின்ன வயதில் இந்த நாற்றம் தாங்காமல் மாடிக்கு ஓடிப்போகிறவன், இப்போது கேட்காமலே பின்னங்காலைப் பிடித்துக்கொண்டான். கத்தி மெல்ல இறங்கியது. தோல் முழுதாகக் கழன்று வந்ததும் அவள் அதைச் சட்டத்தில் மாட்டிவிட்டுக் கைகளைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள்.

“இப்ப பண்ணு,” என்றாள்.

வெர்லின் படிக்கட்டில் நின்றான். “அந்த மத்த ரெண்டு ரைபிளும்...”

“எடுத்துட்டுப் போ. உங்கப்பா உனக்குக் கொடுத்தது.”

“நீ இங்க தனியா எப்படிம்மா? இந்தக் குளிர்ல?”

“மார்ச்ல ஆடுங்க குட்டி போட ஆரம்பிக்கும். லீவு எழுதிக் கொடுத்துட்டு வா. மாடியில உன் ரூம் அப்படியேதான் இருக்கு. தூங்கத்தான் விடமாட்டேன்.”

அவன் மேலே ஏறிப் போனான். போன் டயல் சுழலும் சத்தமும், அவன் தொண்டையைச் செருமிக்கொள்வதும் கேட்டன.

பாஸ்டரின் கார் வருவதற்கு நேரம் இருந்தது. ஆர்டிஸ் கோடாரியை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனாள். தண்ணீர்த்தொட்டி மேலே தடிமனாக உறைந்திருந்தது. காலை அகட்டி நின்று ஓங்கி வெட்டினாள். நாலாவது வெட்டில் பனிக்கட்டி பிளந்து கரிய தண்ணீர் மேலே வந்தது. துண்டுகளைக் கையாலேயே அள்ளி வெளியே போட்டாள். ஆடுகள் ஒவ்வொன்றாக வந்தன. வயிறுகளால் அவளை இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு, தலை குனிந்து குடிக்க ஆரம்பித்தன. அவள் நகராமல் நடுவில் நின்றாள்.