ஓய்வெடுக்கிற வேலை

அவளுடைய கொழுந்தன் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தான். விளம்பர கம்பெனியில் வேலை. கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அடுத்த ஸ்லைடு யார் போடறாங்க?" என்பதுதான் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் ஓடியதுதான் கோளாறு, கொஞ்ச காலம் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்று சொல்லி அனுப்பினார். தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தவன். அண்ணன் போய் பெட்டி படுக்கையோடு கூட்டி வந்துவிட்டார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி, அதாவது நம் கதைக்குரியவள், பிசியோதெரபிஸ்ட். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி சின்னதாக ஒரு க்ளினிக் வைத்திருந்தாள். சுவரில் கையால் சுற்றும் சக்கரம், இரண்டு கட்டில், மெழுகு உருகிக்கொண்டே இருக்கும் ஒரு தொட்டி, மூலையில் கைத்தடிகள். தோள் இறுகிப் போனவர்கள், குதிகால் தரையில் வைக்க முடியாதவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்தைத் தொலைத்தவர்கள் என்று நாள் பூராவும் ஆள் வந்துகொண்டே இருக்கும். எல்லாரிடமும் அவள் சொல்வது ஒன்றுதான்: "மெதுவா. அவசரமில்ல."

வீட்டில் சும்மா இருக்க முடியாத கொழுந்தன் ஒரு நாள் க்ளினிக்குக்கு வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்த வார்த்தையைக் கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான். வந்த நாளிலிருந்து செத்துக் கிடந்த அவன் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது.

"அண்ணி, இதுதான் உங்க பிராண்ட்."

"எது?"

"அவசரமில்லை. ஊரே ஓடிட்டிருக்கு, உழைச்சு உழைச்சு சாகுது. நீங்க நிதானமா இருக்கீங்க. நடிப்பு கிடையாது, பீத்திக்கறது கிடையாது. நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே சோஷியல் மீடியால ஒரு பக்கம் ஆரம்பிப்போம். நானும் டென்ஷன் இல்லாம பண்ணுவேன். டாக்டர் சொன்ன மாதிரியே."

அவளுக்கு அதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு பிடிப்பு கிடைத்தால் சரி என்று நினைத்தாள். தன் முகம் நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன குடி முழுகிவிடும் என்ற எண்ணமும் ஓர் ஓரமாக இருந்தது. தலையாட்டிவிட்டாள்.

பக்கம் ஆரம்பமாயிற்று. பெயர் 'அவசரமில்லை'. ஜன்னல் ஓரம் நின்று டீ குடிப்பது, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தோளைத் தளர்த்தி மூச்சு விடுவது என்று சின்னச் சின்ன வீடியோக்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தன. எடுப்பதுதான் நாய் படாத பாடு.

"அண்ணி, இயல்பா இருங்க."

"இயல்பாதானே இருக்கேன்."

"இயல்பா இருக்கீங்க, ஆனா இயல்பா இருக்கிற மாதிரி தெரியல. டம்ளரை இன்னொரு தடவ எடுங்க."

அப்படி எடுத்து எடுத்து டீ ஆறி, ஆடை கட்டி, கடைசியில் அவள் குடிக்கும்போது அது எதற்கும் லாயக்கில்லாமல் போயிருக்கும். செடிக்கும் மறுபடி மறுபடி தண்ணீர் ஊற்றி அது வேர் அழுகிச் செத்தது. அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்து வைத்தார்கள்.

க்ளினிக் மூடிவிட்டு வந்தால் முன்பெல்லாம் காலை நீட்டி உட்காருவாள். இப்போது அந்த நேரத்தில் ஓய்வெடுப்பது எப்படி என்று பேசி எடுக்க வேண்டியிருந்தது. கொழுந்தன் அவள் ஓய்வெடுக்க வேண்டிய நேரங்களைக் கலர் கலராகக் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். பச்சைக் கட்டம் என்றால் அமைதி. நீலம் என்றால் ஆழ்ந்த அமைதி.

கணவர் அதை நின்று படித்தார். "இதுல எனக்கு எப்ப சாப்பாடு?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 'அரைமணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருப்போம்' என்று நேரலை வைத்தான். அவள் சாய்வு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க்கிறவர்களும் அவரவர் வீட்டில் சும்மா உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அவளுக்குக் க்ளினிக்கில் இடுப்பு ஒடிகிற வேலை. உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் மடியில் விழுந்தது. கேமராவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அடுத்த நிமிஷம் அடித்துப் போட்டது மாதிரி தூங்கிவிட்டாள்.

சும்மா தூக்கம் இல்லை. தலை ஒரு பக்கம் தொங்கிவிட்டது. வாய் திறந்துகொண்டது. முதலில் மெல்லிய விசில், அப்புறம் மாவு மிஷின் மாதிரி ஒரு குறட்டை. நடுவில் ஒரு தடவை, "தோளைத் தூக்காதீங்க, கைய மட்டும் தூக்குங்க," என்று யாருக்கோ தூக்கத்திலேயே சொன்னாள். அரைமணி ஒரு மணியானது. கொழுந்தன் எழுப்பவில்லை. ஃபோன் திரையில் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு வாயில் விரலை வைத்து நின்றிருந்தான்.

அந்த நேரம் பார்த்து, யாரோ லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று போயிருந்த கணவர், கிரீஸ் படிந்த சட்டையோடு உள்ளே வந்தார். மனைவியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"ஏன்டா எழுப்பல? கழுத்து பிடிச்சுக்குமே."

"அண்ணா, லைவ். ஆள் ஏறிட்டே இருக்காங்க."

அவர் உள்ளே போய் ஒரு தலையணை எடுத்துவந்து அவள் கழுத்துக்கும் நாற்காலிக்கும் நடுவில் மெல்லச் செருகினார். மோவாயை ஒரு விரலால் தூக்கி வாயை மூடிவிட்டார். அது மறுபடி திறந்துகொண்டது. விட்டுவிட்டு ஃபோனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் காலையில் அவள் தூங்கிய தூக்கத்தை ஊரே பார்த்திருந்தது. கமெண்டுகளை அவள் க்ளினிக் கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். 'குறட்டை ஓவர் ஆக்டிங்.' 'புருஷன் என்ட்ரி நல்லா ரிகர்சல் பண்ணியிருக்காங்க.' 'சட்டையில கிரீஸ் கூட பூசியிருக்காங்க, பெரிய டைரக்டர்தான்.' பத்துப் பேருக்கு ஒருவர்தான் பாவம், களைப்பாக இருக்கிறாள் போல என்று எழுதியிருந்தார்.

"நம்பலன்னா என்ன அண்ணி, பார்த்தாங்கல்ல," என்றான் கொழுந்தன். அவனுக்குக் கை கால் பரபரத்தது. மெத்தை கம்பெனி ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருந்தது.

கம்பெனியிலிருந்து வந்த பெண் மரியாதையானவள். வீட்டுக்கே வந்தாள், செருப்பை வெளியே விட்டாள், இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கு நடிகைங்க வேணாம் மேடம். அசல் மனுஷங்க, அசல் தூக்கம், அதுதான் வேணும். போன தடவ மாதிரியே எங்க மெத்தையில ஒரு மதியத் தூக்கம். நேரலையில."

"சரி," என்றாள் அவள் அரை மனதாக.

"ஒரே ஒரு விஷயம். குறட்டை வேணாம். வாய் மூடியிருந்தா நல்லது. நைட்டி வேணாம், ஒரு லைட் கலர் சுடிதார் நாங்களே தர்றோம். நடுவுல ஒரு தடவ புரண்டு படுத்து, தூக்கத்துலயே லேசா சிரிச்சீங்கன்னா நல்லாருக்கும். மத்தபடி முழுக்க உங்க இஷ்டம், இயல்பா இருங்க."

கணவரும் தலையணையோடு வர வேண்டும் என்று கேட்டார்கள். ஒத்திகையில் அவர் தலையணையை, யார் வீட்டு வாசலிலோ கேஸ் சிலிண்டர் இறக்குகிறவர் மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவையும் அப்படியே வந்ததும், "இவர விட்டுடலாம்," என்றாள் கம்பெனிப் பெண்.

படுத்தாள். மெத்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தூக்கம் எங்கே வரும்? கண்ணை மூடினால் இமை துடித்தது. வாயை மூடிக்கொள்ள வேண்டுமே என்று பல்லைக் கடித்தாள். சொன்ன நேரத்தில் புரண்டாள், சொன்ன அளவு சிரித்தாள். மற்ற நேரமெல்லாம் கழுத்தை ஒரே கோணத்தில் விறைப்பாக வைத்துக்கொண்டு, எப்போது முடியும் என்று மனதுக்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு கிடந்தாள்.

அதற்கு வந்த கமெண்டுகள்: 'இதுதான் உண்மையான தூக்கம்.' 'போன தடவை நடிச்சாங்க, இந்தத் தடவைதான் நிஜமா தூங்கியிருக்காங்க, முகத்துலயே தெரியுது.' 'அந்தச் சிரிப்பைக் காசு கொடுத்தாலும் வரவழைக்க முடியாது.'

கொழுந்தன் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது.

மறுநாள் க்ளினிக்கில் ஒரு கையால் தன் கழுத்தைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கணக்கு டீச்சருக்கு வைத்தியம் பார்த்தாள். டீச்சருக்குத் தோள் இறுகிப்போய், கரும்பலகையில் பாதி உயரத்துக்கு மேல் எழுத வராது. மாதக்கணக்காக வந்துகொண்டிருந்தவர்.

"என்னம்மா, உங்களுக்கே கழுத்தா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர்."

"நேத்து அவ்ளோ அழகா தூங்கினீங்களே. எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் பார்த்தோம். அந்த மெத்தை வாங்கலாம்னு ரெண்டு பேர் பேசிட்டிருக்காங்க."

அவள் டீச்சரின் கையைச் சக்கரத்தில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அந்த இரண்டு பேர் யார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் மெத்தையை விரித்துப் படுத்து, தங்களுக்கு மட்டும் ஏன் அந்தச் சிரிப்பு வரவில்லை என்று யோசிப்பது கண்முன் வந்தது.

வீட்டுக்கு வந்து கொழுந்தனிடம் சொன்னாள். "நான் தூங்கலன்னு சொல்லப் போறேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனிக்கு ஃபோன் போட்டான். அந்தப் பெண் மரியாதை குறையாமல், ஆனால் குரல் இறங்காமல் பேசினாள். அந்த மெத்தையில் படுத்துக் கழுத்துப் பிடித்தது என்று ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது என்றாள். ஃபோனை வைத்துவிட்டு அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, உண்மையா இருக்கிறதுதான் நம்ம பிராண்டே. ஆனா இந்த உண்மை வேணாமே."

"வேற உண்மை என்கிட்ட ஸ்டாக் இல்லப்பா."

அன்று சாயங்காலம் கழுத்துப் பட்டையோடு கேமரா முன்னால் அவளே உட்கார்ந்தாள். விளக்கு வைக்கவில்லை, இரண்டாவது தடவை எடுக்கவில்லை. முதலில் தூங்கியது நிஜம், இரண்டாவது தூங்கியது பொய் என்றாள். மெத்தையில் குற்றமில்லை, தூங்காமல் தூங்குகிற மாதிரி அவ்வளவு நேரம் விறைத்துக் கிடந்தால் யாருக்கும் கழுத்துப் பிடிக்கும் என்றாள். முதல் தடவை தலையணை வைத்தவர் நடிகர் இல்லை, அவருக்கு நடிக்கவே வராது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றாள். முடித்துவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

மெத்தை கம்பெனி விலகிக்கொண்டது. ஒப்பந்தம் போனது, அதோடு பக்கமும் போகும் என்று அவள் நினைத்திருந்தாள். போகவில்லை. இதுவரை பார்த்ததிலேயே மிக உண்மையான வீடியோ இதுதான் என்று ஆளாளுக்குப் பகிர்ந்தார்கள். வலி நிவாரணக் களிம்பு கம்பெனி ஒன்று, அந்தக் கழுத்துப் பட்டையோடு அப்படியே, அதே மாதிரி மனம் திறந்து பேச முடியுமா என்று கேட்டு எழுதியது.

கொழுந்தன் தலைகால் புரியாமல் குதித்தான். புது அட்டவணை போட ஆரம்பித்தான். 'வாரம் ஒரு வாக்குமூலம்' என்று தலைப்பே வைத்துவிட்டான். சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவள் கவனித்தாள். அவன் இடது கண்ணோரம் துடித்துக்கொண்டிருந்தது. தோள் இரண்டும் காதைத் தொடுகிற உயரத்தில் ஏறி நின்றன. அண்ணன் அவனைக் கூட்டிவந்த அன்று இருந்த அதே தோள். இத்தனை நாள் ஊருக்கெல்லாம் தோளைத் தளர்த்தச் சொன்னவள், எதிரில் நின்று படம் எடுத்தவனைப் பார்க்கவே இல்லை.

"போதும்டா," என்றாள்.

"இப்பதானே அண்ணி ஆரம்பிச்சிருக்கு."

"உனக்காகத்தான் ஒத்துக்கிட்டேன். நீ வேலைக்குப் போனப்ப கூட இவ்ளோ மோசமா இல்ல. நான் இனிமே கேமரா முன்னாடி உக்கார மாட்டேன்."

அவன் கோபித்துக்கொண்டான். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் சொல்லிப் பார்ப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு பழுதான லிஃப்ட்டைப் பார்க்கப் போய், பேசாமல் டார்ச் பிடிக்க வைத்துவிட்டுத் திரும்பிவந்தார். அவனோடு என்ன பேசினீர்கள் என்றால், "டார்ச்ச மேல பிடிடான்னு சொன்னேன்," என்றார்.

பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. மெத்தை கம்பெனிப் பெண்ணே அவனுக்கு ஃபோன் செய்தாள். ஒரு பிசியோதெரபிஸ்ட்டை அவ்வளவு நம்பும்படியாகத் தூங்க வைத்தவன் தங்களுக்கு வேண்டும் என்றாள். அவன் அங்கே வேலையில் சேர்ந்தான். காலையில் போகிறான், சாயங்காலம் ஐந்துக்கு அங்கே விளக்கை அணைத்துவிடுகிறார்கள், வெளியே வந்தே ஆக வேண்டும். தூங்குவதற்கான பொருளை விற்கிற இடத்தில் யாரும் களைத்துத் தெரியக் கூடாதாம். இரண்டு மாதத்தில் சதை போட்டு, பேச்சில் பழைய கிண்டலும் வந்துவிட்டது. தனியாக வீடு பார்த்துக்கொண்டு போனான்.

பக்கம் அப்படியே கிடந்தது. ஒன்றும் போடாததையே பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டு மேலும் சிலர் சேர்ந்தார்கள். அவளுக்குக் கொஞ்ச நாள் கை நமநமத்தது, இல்லை என்று சொல்ல முடியாது. டீ டம்ளரைத் தூக்கும்போது முகம் தானாக ஜன்னல் பக்கம் திரும்பும். வெட்கப்பட்டுக்கொண்டு மடமடவென்று குடித்துவிடுவாள்.

குவிந்து கிடந்த செய்திகளுக்குள் சில நிஜமான கேள்விகளும் இருந்தன. படி இறங்கும்போது முட்டி ஏன் சத்தம் போடுகிறது, காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகால் ஏன் உயிர் போகிறது என்று கேட்டிருந்தார்கள். மதியம் மெழுகுத் தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டு உட்காரும் நேரத்தில் ஒரு கேள்விக்கு, ஒன்றே ஒன்றுக்கு, பதில் எழுதிப் போட ஆரம்பித்தாள். படமில்லை, பாட்டில்லை. நாலு வரி. எழுதத் தோன்றாத நாளில் எழுதுவதில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த கொழுந்தன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். பழைய தொழில் விட்டுப்போகுமா, நெற்றியைச் சுருக்கினான்.

"அண்ணி, இப்படியே போனா ஆள் யாரும் மிஞ்ச மாட்டாங்க."

"க்ளினிக்குக்கு நாளைக்கே பதினோரு பேர் வர்றாங்க, உக்கார நாற்காலி இல்ல," என்றாள் அவள். "நீ சாப்பிடு. தோளை இறக்கிட்டு சாப்பிடு."

அவன் இறக்கிக்கொண்டான். கணவர் அதற்குள் சாப்பிட்டு முடித்து, வெறும் தரையில் படுத்து, குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.