ஒன்பதாம் பாகத்தில் கயிறு பிடித்தவன்

“அவன் கைய விரிச்சது எப்படி இருந்துச்சு, அத மட்டும் சொல்லும்வே. மத்ததெல்லாம் பொறவு பேசுவோம்” என்றான் ஆவுடையப்பன்.

கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரன். காலையில் வந்து குடையை மாட்டியதிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். ‘ஆழிமாநகர் மாயராணி’யின் ஒன்பதாம் பாகம் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தூத்துக்குடியில் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். மாதம் ஒரு புத்தகமாகச் சென்னையிலிருந்து வரும் கதை அது. யுத்தக் காகிதத் தட்டுப்பாட்டில் நாற்பது பக்கம் இருபத்துநாலாகச் சுருங்கியபோதும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கடலுக்கடியில் ஒரு நகரம், அங்கே உறைந்துபோன ஒரு ராணி, அவளை எழுப்ப மூச்சடக்கி இறங்கும் வச்சிரன். எட்டு பாகமாக இறங்கிக்கொண்டே இருந்தவன், ஒன்பதில் ராணியின் விரலைத் தொட்டுவிட்டு மேலே வரக் கயிற்றை இழுக்கிறான். மேலே தோணியில் கயிறு பிடித்திருக்கும் அவன் மச்சான் வல்லவன், வானத்தில் போகும் பறக்கும் தேரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, விரல் விரலாகக் கையை விரிக்கிறான். அதோடு பாகம் முடிந்துவிட்டது.

இதைவிட நன்றாக ஒரு மனுஷன் எழுத முடியாது என்றான் ஆவுடையப்பன். இரவெல்லாம் அந்தக் கடைசி வரியை நினைத்து உடம்பு சிலிர்த்ததாம். ஹெட் கிளார்க்கு, கதாநாயகனைக் கொன்றவனுக்கு இனிமேல் காலணா தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷன் வாசலில் கடை வைத்திருக்கும் ஜெபசிங் அண்ணாச்சிக்கு நாற்பது பிரதி ஒரே பகலில் தீர்ந்தது. அதில் ஒன்றை வாங்கினவர் சாயங்காலமே திரும்பி வந்து, கிழித்த புத்தகத்தைக் கடைப்பலகையில் எறிந்துவிட்டுப் போனாராம். அண்ணாச்சி சிரித்துச் சிரித்து இதைச் சொன்னார். எங்கள் ஆபீஸில் ஆளுக்கொன்று பேசினபோது, காயல்பட்டினத்து மஹ்மூது மட்டும் பேனாவைக் கீழே வைக்காமல், “கயிறு புடிக்கிறவன கள்ளனாக்கிட்டா பொறவு எவன்வே கடல்ல எறங்குவான்?” என்றான். அவன் வாப்பா தோணிக்காரர்.

நான் வாயைத் திறக்கவில்லை. எட்டு பாகத்துக்கும் இந்த ஆபீஸில் அதிகம் கத்தினவன் நான்தான். ஏழாம் பாகத்தை யாரோ குறை சொன்னதற்கு மத்தியானச் சோற்றைத் தொடாமல் சண்டை போட்டவன். “எஸ்றாவுக்கு என்னவே ஆச்சு, பேதியா?” என்று ஆவுடையப்பன் கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

அந்தக் கை எனக்குத் தெரிந்த கை.

எனக்கு ஊர் உடன்குடிப் பக்கம். வேலைக்காக இங்கே வந்து, கடற்கரைத் தெருவில் ரோஸ் அக்கா வீட்டின் பின்கட்டில் ஒரு அறை எடுத்திருந்தேன். அவளுக்கு இருபத்தாறு வயது. சங்கு குளிக்கப் போன புருஷன் இன்னாசி கடலோடு போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அன்றைக்கு இன்னாசிக்குக் கயிறு பிடித்தவன் அவளுடைய சொந்த அண்ணன் லொஞ்சின். சங்குக் குளியில் அதுதான் முறை. இறங்குகிறவன் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு எட்டுப் பாகம், ஒன்பது பாகம் ஆழம் போவான். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். மேலே அவன் உயிர் ஒருத்தன் உள்ளங்கையில் இருக்கும். அந்த ஒருத்தன் மச்சானாக இருக்க வேண்டும். தங்கச்சியை விதவையாக்க எவனும் துணிய மாட்டான் என்பது கணக்கு. இன்னாசி செத்த பிறகும் அந்தக் கணக்கில் யாரும் சந்தேகப்படவில்லை. கடல் எடுத்துக்கொண்டது என்று பூசை வைத்தார்கள். ரோஸ் அக்காவுக்கு அடுப்பெரிந்தது லொஞ்சின் கொண்டுவந்து வைக்கும் மீனிலும் அரிசியிலும்தான். குளிகாரர்களில் மூன்று பேர் தங்கள் மச்சானை விட்டுவிட்டு இவனையே கயிறு பிடிக்கக் கூப்பிட்டார்கள். ஒருமுறை இழந்தவன் இன்னொரு முறை கண் இமைக்க மாட்டான் என்று.

கதையை நான் ரோஸ் அக்கா வீட்டு முற்றத்தில் வாசித்துக் காட்ட ஆரம்பித்தது சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டாம் பாகத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர், பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். புத்தகம் பக்க ஓரம் வெட்டாமல், தாள்கள் மடிப்போடு சேர்ந்தபடியே வரும்; கீறினால்தான் படிக்கலாம். காகிதத்தோடு வெட்டுக்கூலியையும் மிச்சம் பிடித்தார்கள் போலிருக்கிறது. நான் முன்னாலேயே படித்துவிட்டு வந்து அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று லொஞ்சின் ஒரு சட்டம் போட்டான். வெட்டாத புத்தகத்தை அப்படியே கொண்டுவர வேண்டும். எல்லோரும் பார்க்க லொஞ்சின் தன் கத்தியால் ஓரத்தைக் கீறித் தருவான். அதன் பிறகுதான் என் வாய் திறக்கும்.

நன்றாகக் கேட்பார்கள், நன்றாகக் கேலியும் செய்வார்கள். ஆறாம் பாகத்தில் வச்சிரனுக்கு ஒரு வேலைக்காரன் கயிறு பிடித்தான். முற்றமே சிரித்தது.

“வேலக்காரன் கையில உசுரக் குடுத்துட்டு எறங்குதானா? வெளங்குனாப்புலதான்” என்றான் லொஞ்சின். “ஏலே கிளார்க்கு, அந்த மனுசனுக்கு ஒரு காயிதம் போடு. மச்சான்தான் புடிக்கணும்னு எழுது. கடலப் பாக்காமலே எழுதுதான் பாவி.”

எழுதினேன். அன்றைக்கே உட்கார்ந்து ஒன்பது பக்கம். மச்சான் கயிறு பிடிப்பது, கல் கட்டுவது, ஒரு இழுப்புக்கு என்ன அர்த்தம், இரண்டு இழுப்பு வந்தால் உடனே மேலே தூக்க வேண்டும் என்பது, எல்லாம் எழுதினேன். எழுதிக்கொண்டே போனபோது கை நிற்கவில்லை. ஒரு பெரிய எழுத்தாளர் என் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகிறார் என்ற நினைப்பு எனக்குக் கள்ளைப்போல ஏறியிருந்தது. கடைசிப் பக்கத்தில், பெயர் போடாமல், லொஞ்சின் என்னிடம் சொன்னதையும் எழுதிவிட்டேன்.

அதை அவன் யாருக்கும் சொன்னதில்லை. நான் வெளியூர்க்காரன், வேதத்தில் வேறு சபை, என்னிடம் சொன்னால் கடலில் போட்ட மாதிரி என்று நினைத்திருக்க வேண்டும். மாதா கோயில் பின்னால் தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தபோது, பூசுவதை நிறுத்தாமல் சொன்னான். இன்னாசி இறங்கியது, கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த வாரம். வானத்தில் ஒரு விமானம் வந்தது. யாருடையது என்று தெரியாது. தோணியில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்தார்கள், அவனும் அண்ணாந்தான். “கையில ரெண்டு தடவ என்னமோ வந்துச்சு எஸ்றா. அது இழுப்புன்னு எனக்கு ஒறைக்கும்போது ஏரோப்ளேன் போயிருந்துச்சு.” அவ்வளவுதான் சொன்னான். பிறகு, தார்ச்சட்டியை இந்தப் பக்கம் தள்ளு என்றான்.

ஒன்பதாம் பாகம் வந்த ஞாயிற்றுக்கிழமை லொஞ்சின் ஓரத்தைக் கீறித் தந்ததும், என்னால் பொறுக்க முடியவில்லை, கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். கட்டம் கட்டி என் பெயர் இருந்தது. கடல் விவரங்கள் தந்துதவிய தூத்துக்குடி எஸ்றா அவர்களுக்கு ஆசிரியரின் நன்றி. அதை முதலில் வாசித்தேன். கை தட்டினார்கள். லொஞ்சின் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்து, “நம்ம கிளார்க்கு அச்சுல வந்துட்டாம்லா” என்றான். அந்த அடி விழுந்த இடம் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

வேகமாக வாசிக்கிறவன் நான். நாக்கு முன்னே ஓடும், புத்தி பின்னால் வரும். வல்லவன் வானத்தைப் பார்த்தான் என்று வாசித்துவிட்டேன். தோணியில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்தார்கள் என்று வாசித்துவிட்டேன். கையில் கயிறு இரண்டு முறை துடித்தது என்று வாசித்தபோதுதான் புத்தி வந்து சேர்ந்தது. அடுத்த வரியில், வல்லவன் அதை உணர்ந்து உதட்டோரம் சிரித்தான் என்றிருந்தது. ஆசிரியர் தாமாகச் சேர்த்தது. நான் நிறுத்தியிருக்கலாம். எதிரே பதினைந்து முகம், வெட்டின ஓரம் எல்லோருக்கும் தெரிகிறது. விரல் விரலாகக் கை விரிவது வரைக்கும் வாசித்து முடித்தேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. விமானம் போன நாளை அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இன்னாசி போன நாள் அது. ரோஸ் அக்கா வலைக்கு நூல் முறுக்கிக்கொண்டே கேட்பது வழக்கம். தொடையில் உருட்டின கை அப்படியே நின்றிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தாள்.

“ஏரோப்ளேன் போனது எனக்குத் தெரியும். ரெண்டு இழுப்பு வந்துச்சா?”

லொஞ்சினிடம் கத்தி இன்னும் கையில் இருந்தது. அதை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான். இல்லை என்று சொல்ல அவனுக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷம் போயிற்று. எழுந்து படலைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

மறுநாள் குளிக்குப் போக மூன்று பேரில் ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. அவரவர் மச்சான் ஞாபகம் அவரவருக்கு வந்துவிட்டது. லொஞ்சின் இப்போது உப்பு மூட்டை சுமக்கிறான். நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். அவன் வாசலில் வைத்துவிட்டுப் போகும் மீன் சாயங்காலம் வரை அங்கேயே ஈ மொய்த்துக் கிடக்கும். ரோஸ் அக்கா தொடுவதில்லை. பூனை இழுத்துப்போகும். அவள் உப்பளத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். என்னை வீட்டைவிட்டுப் போ என்று சொல்வாள் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். “சிரிச்சான்னா போட்டிருக்கு?” என்றாள். அக்கா, அது அவர் கற்பனை, நான் அப்படி எழுதவில்லை என்று அவசரமாகச் சொன்னேன்.

“அப்பம் மத்தது நீ எழுதுனது” என்றாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மறுபடி ஆசிரியருக்கே எழுதினேன். வல்லவனைத் துரோகி ஆக்காதீர்கள், பத்தாம் பாகத்தில் அவனுக்கு ஒரு நியாயம் வையுங்கள் என்று. ஒரு கார்டு வந்தது. ஒன்பதாம் பாகத்துக்கு முந்நூறு கடிதங்கள், பாதி வாழ்த்து, பாதி வசவு. இரண்டும் ஒன்றுதான், வல்லவனை வாசகர்கள் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். தங்கள் பக்கத்துச் சம்பவங்கள் வேறு ஏதாவது இருந்தால் எழுதி அனுப்பவும். ஆவுடையப்பன் அந்தக் கார்டை வாங்கி ஆபீஸ் பூராவும் காட்டினான். நான் பிடுங்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

பத்தாம் பாகம் வியாழக்கிழமை வந்தது. முதல் முறையாகச் சட்டத்தை மீறினேன். அறையைச் சாத்திக்கொண்டு பிளேடால் ஓரத்தைக் கீறிப் படித்தேன். வச்சிரன் சாகவில்லை. ராணி அவனுக்குச் செவுள் கொடுத்துவிட்டாள். அவன் தோணியில் ஏறி வந்து, மச்சானின் உள்ளங்கையைப் பிடித்து விரித்துக் கேட்கிறான்: நான் இழுத்ததை நீ உணர்ந்தாயா? வல்லவன், உணர்ந்தேன் என்கிறான்.

அந்தப் பக்கத்துக்கு மட்டும் நான் வேறொன்று எழுதினேன். ஆசிரியரின் நடை எனக்கு மனப்பாடம். என் தாளில் வல்லவன் உணரவில்லை. வச்சிரன் அவனைக் கட்டிக்கொள்கிறான். தாளை உள்ளே செருகி, கீறின ஓரங்களைச் சோற்றுப்பசையால் ஒட்டி, இரண்டு நாள் பெட்டிக்கடியில் பாரம் வைத்தேன். எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அச்சில் ‘உணர்ந்தேன்’ என்று இருக்கிறது. என் தாளில் ‘உணரவில்லை’ என்று இருக்கிறது. தார் பூசிக்கொண்டே லொஞ்சின் சொன்னது இந்த இரண்டும் இல்லை.

இன்றைக்கு ஞாயிறு. முற்றத்தில் ஆள் இல்லை. ரோஸ் அக்கா மட்டும் வந்து உட்கார்ந்தாள். “வச்சிரன் சாவலியாம்லா. உப்பளத்துல பேசிக்கிடுதாளுக. அண்ணங்காரன என்ன கேட்டான்னு வாசி” என்றாள். படலுக்கு வெளியே, பூவரச நிழலில், லொஞ்சின் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். மூட்டைக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றுகிறான், அவிழ்க்கிறான். அவன் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியும். கத்தி இல்லாததால் புத்தகத்தை என்னிடமிருந்து அவளே வாங்கினாள். கிழிப்பதற்கு முன்னால் ஓரத்தை விரலால் ஒருமுறை நீளமாகத் தடவினாள். காய்ந்த பசை விரலில் நெருடியிருக்க வேண்டும். பாதி ஓரத்தில் விரல் நின்றது. பிறகு கிழிக்காமல் என் மடியில் திருப்பி வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இருவரும் காத்திருக்கிறார்கள். நீங்களும் ஒன்பது பாகம் படித்தவர்கள்தானே, உங்களுக்கும் வல்லவனைப் பற்றி ஒரு எண்ணம் இருக்குமே. சொல்லுங்கள், நான் இப்போது எதை வாசிக்கட்டும்?